அலைகடலுக்கு ஏற்ற கலம்

நீரின்மேற் செல்லும் கலங்கள் பல திறத்தன. ஏரியில் ஒன்றும், பேராற்றில் ஒன்றும், கடலில் ஒன்றுமாக அவை வேறுபடுதற்குக் காரணம் நீரின் இயல்பே. இதனை உணர்தற்குத் தருமபுரி மாவட்டத்தாராகிய நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. ஒகேனக்கல்லிலே காவிரி பாறைகளுக்கிடையே புகுந்து சுழித்தோடும் இடங்களில் மூங்கிலால் வட்டமாகப் பின்னிய பரிசல் செல்கின்றது. அதற்கு முன்னென்றும் பின்னென்றும் இல்லை. பாறையில் இடித்தால் சற்றே வளைந்து கொடுக்கும். முழங்காலளவு நீரிலும் மிதக்கும். நீர் வற்றிய இடத்தில் ஓட்டுவோன் அதனைத் தலைமேற் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடுவான். அவ்விடத்திற்கு அதனினும் பொருத்தமான கலம் உண்டென்று யான் நம்பேன். ஆயின் அதே பரிசலைக் கடலூர்க் கடலிலே அலை மடியும் இடத்தில் இறக்கினால் என்னாகும்? முதல் அலையில் சுழலும். இரண்டாம் அலையில் நிரம்பும். மூன்றாம் அலையைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

கம்பைநல்லூர் கடல் காணாத ஊர். எனினும் அதனை அடுத்துச் செல்லும் தென்பெண்ணை, கன்னட நாட்டு நந்திமலைப் பகுதியிற் பிறந்து, கிருட்டிணகிரி அணையிலும் சாத்தனூர் அணையிலும் தங்கித் தங்கிச் சென்று, எஞ்சிய நீரோடு கடலூரருகே வங்கக்கடலை அடைகின்றது. அவ்வாற்றைப் போலவே எம்மூர் இளைஞரும் இக்காலத்துக் கடலை நாடுகின்றனர். விடுமுறையிற் கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் புதுச்சேரிக்கும் சென்று, அங்கே நெடிய மெல்லிய கலத்தில் அமர்ந்து இருதலைத் துடுப்பை வலமும் இடமுமாக மாற்றி மாற்றிப் போட்டு அலைமேல் ஏறி வழுக்கிச் செல்வோரைக் கண்டு, அவ்விளையாட்டின்மேற் காதல் கொண்டு திரும்புகின்றனர். திரும்பியவுடன் எழும் வினா, ‘கயாக் வாங்குவதா, சர்ப்ஸ்கி வாங்குவதா?’ என்பதே.

இவ்வினாவிற்கு விடை கூறப்புகுவோர் பெரும்பாலும் வேகத்தையும் விலையையும் எடையையும் பேசுவர். அவையெல்லாம் பின்னர்ப் பேசத்தக்கன. அலையிற் செல்லும் கலத்தைத் தேர்வோன் முதற்கண் கேட்கவேண்டுவது, ‘இது கவிழ்ந்தபின் யான் என் செய்வேன்?’ என்பதொன்றே என்பது என் துணிபு. கவிழ்ந்தால் என்னாது கவிழ்ந்தபின் என்றது ஏனெனின், அலை மடியும் கரையிலே கவிழாத கலமும் இல்லை, கவிழாத மனிதனும் இல்லை. கவிழ்ந்த கலம் தன்னுள் நீரைத் தாங்கி நிற்குமா, வடித்து விடுமா? ஏறியிருந்தவன் பிறர் துணையின்றி மீண்டும் ஏறி அமர வல்லனா? இவ்விரண்டிற்கும் நேரான விடை தரும் கலமே அவனுக்கு ஏற்ற கலம். தாராதது எத்துணை அழகிதாயினும், எத்துணைப் பெரிய வீரர் அதில் ஏறிப் பரிசு பெற்றிருப்பினும், அவனுக்கு ஆகாது.

கடலலையின் இயல்பைச் சிறிது காண்போம். ஏரியில் எழும் அலை காற்று நின்றவுடன் அடங்கும். கடலிலோ, நூற்றுக்கணக்கான கல் தொலைவில் வீசிய காற்றினால் எழுந்த அலை, காற்றே இல்லாத கரைக்கும் வந்து சேரும். ஆழ்ந்த நீரிற் செல்லுங்கால் அது நீரை மேலும் கீழுமாக அசைப்பதன்றிப் பெரிதும் முன்னே தள்ளுவதில்லை. ஆதலின் அங்கே சிறு கலமும் அமைதியாய் ஏறி இறங்கும். கரையை அணுகி நீரின் ஆழம் குறையக் குறைய, அலையின் அடி தடைப்பட்டு முடி முந்துகின்றது. ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றே கால் மடங்காகக் குறைந்த அளவில் அலை மடிந்து உடைகின்றது. எனவே ஒரு மீட்டர் உயர அலை, ஒருவன் காலூன்றி நிற்கத்தக்க ஆழத்திலேயே உடையும். நிற்கத்தக்க ஆழந்தானே என்று எண்ணி அங்கே அஞ்சாதிருப்போர் பலர். ஒரு கன மீட்டர் நீரின் எடை ஆயிரம் கிலோகிராம் என்பதனை நம் பௌதிக மாணவர் அறிவர். அவ்வெடை ஓடிவந்து விழும் இடம் அதுவே என்பதனை நினைவிற் கொள்வோர் சிலரே.

சோழமண்டலக் கரையில் ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்றும் புயலும் கடலைக் கொந்தளிக்கச் செய்யும். கோடையிலும் கடல் எப்பொழுதும் எளியதன்று. வெகு தொலைவிலுள்ள தென்கடலிற் பிறந்த நெட்டலைகள், வெயில் காயும் அமைதியான நாளில் முன்னறிகுறியின்றி நம் தென்கரையில் ஏறுவதுண்டு. இதனைக் கள்ளக்கடல் என்பர். பெயரே அதன் குணத்தைக் கூறும். 2024-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையிலே மருத்துவம் பயிலும் மாணவர் ஐவர் இத்தகைய அலையால் உயிரிழந்தனர். அவர்கள் கலமேறிச் செல்லவும் இல்லை. கரையோர நீரில் நின்றவர்களே. கலத்தைத் தேர்தல் விளையாட்டுப் பொருளைத் தேர்தலாகாது என்று யான் வற்புறுத்துதற்கு இவ்வொரு நிகழ்ச்சி போதும்.

இனி, இவ்வலையை வென்றவர் நம் நாட்டிலேயே இருந்தனர் என்பதனை மறத்தல் தகாது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாதிருந்த நாளில் கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் பொருளும் மடியும் அலைகளைக் கடந்தே கரைக்கு வரவேண்டும். 1875-இல் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டியபின்னும், 1881-ஆம் ஆண்டுப் புயல் கட்டிய கற்சுவர்களைச் சிதைத்தமையால் அந்நிலை உடனே மாறிற்றிலது. மேனாட்டாரின் கப்பற்படகுகள் அவ்வலையில் உடைந்தமையின், நம்மவரின் இருவகைக் கலங்களே அத்தொழிலைச் செய்தன. ஒன்று மசூலாப் படகு. சலங்கு என்றும் வழங்கிற்று. அதன் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டிருக்கும். அலை மோதுங்கால் விறைத்து நின்று பிளவாமல் நெகிழ்ந்து கொடுக்கும். மற்றொன்று கட்டுமரம். மசூலாவில் வெள்ளைக்காரப் பயணிகள் செல்லுங்கால் அருகே கட்டுமரங்கள் உடன் செல்வதுண்டு. எதற்கெனின், மசூலா கவிழ்ந்தால் நீரில் வீழ்ந்தோரை எடுத்தற்கு! பெரிய கலத்திற்குக் காவல் சிறிய கலம். அமைந்த படகிற்குத் துணை நான்கைந்து மரத்துண்டு. இதன் காரணத்தை ஆராய்ந்தால் நம் வினாவிற்கு விடை பாதி கிடைத்துவிடும்.

கட்டுமரத்திற்குள் நீர் புகாது. புகுதற்கு உள்ளே இடமில்லை. மிதப்புடைய மரங்களை அருகருகே வைத்துக் கயிற்றால் இறுக்கிய மேடையே அது. மேலே விழுந்த அலை மரங்களினிடையே வடிந்து போய்விடும். கவிழ்ந்தாலும் மூழ்குவதில்லை, நீந்தத் தெரிந்தவன் பற்றி ஏறிக் குந்தித் துடுப்பை எடுத்துக்கொள்ள வேண்டுவதே. கரை சேர்ந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்துவர். நீர் குடித்த மரம் கனக்குமாதலால். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலிலே இக்கரைக் கட்டுமரங்களைக் குறித்துள்ளார். சென்னை மாகாணத்து மீன்வளத் துறைக்குத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியக் கலங்களின் தோற்றத்தைக் குறித்து 1920-இல் எழுதிய ஆராய்ச்சியில் இவற்றைச் சிறப்பாக எடுத்தாண்டார். நம் சொல்லோ ஆங்கிலத்திற் புகுந்து ‘கட்டமரான்’ ஆகி, இன்று இரட்டை உடல் கொண்ட பெருங்கப்பலுக்கும் பெயராய் விட்டது. சொல் உலகெங்கும் சென்றது. பொருளை நாம் ‘நாகரிகமில்லாதார் கலம்’ என்று கருதி நகைத்தோம். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. மரக் கட்டுமரங்கள் பல கரைகளில் அருகிவிட்டன. மீனவர் தம் பிழைப்பிற்கு எளியதும் விரைவானதும் நாடினமை குற்றமன்று. ஆனால் கலம் தேரும் மாணவன் அம்மரத்தைக் காட்சிப் பொருளாகப் பார்த்து ஒதுக்காமல், உரைகல்லாகக் கொள்ளல் வேண்டும்.

அவ்வுரைகல்லிலே கயாக்கை முதலில் உரைத்துப் பார்ப்போம். கயாக் என்பது வடதுருவத்தை அடுத்த பனிநாடுகளில் வாழும் இனுயிட் மக்களின் வேட்டைக் கலம். மரச்சட்டத்தின்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்து, வேட்டுவன் இடுப்பளவே திறந்து, அவனுடைய உடலளவுக்கேற்பச் செய்வர். அதனைக் கலம் என்பதினும் ஆடை என்பதே பொருந்தும். உறைபனி நீரில் வீழ்ந்தவன் நெடுநேரம் உயிர்வாழான். ஆதலின் அவன் கலத்தைவிட்டு வெளிவராமலே, கவிழ்ந்த நிலையிற் றுடுப்பை வீசி உடலைத் திருப்பி நிமிரும் வித்தையைக் கற்றிருந்தான். மூடிய கயாக்கின் உயிர்நிலை அவ்வித்தையே. அதனை அறியாதவன் மூடிய கயாக்கில் அலைக்குட் புகுவது, வேல் பிடிக்கத் தெரியாதவன் வேட்டைக்குப் போவதை ஒக்கும். கவிழ்ந்து அவன் வெளியே நழுவியவுடன் அமருங்குழி நிரம்பும். நூறு லிட்டர் நீர் புகுந்தால் நூறு கிலோகிராம் பாரம் ஏறியதாம். அப்பாரத்தோடு அலை அதனைக் கரைநோக்கி உருட்டுங்கால் முன்னே நிற்பவன் காலெலும்பு தப்புவது அரிது. உள்ளே நீர்புகா அடைப்பறைகள் அமைந்த கடற்கயாக்கு இத்தீங்கைப் பெரிதும் குறைக்கும். ஏறக்குறைய ஐந்து மீட்டர் நீளமும் 55 முதல் 60 சென்டிமீட்டர் அகலமும் உடைய அத்தகைய கலம் நெடும்பயணத்திற்கும் உணவும் கூடாரமும் கொண்டு செல்வதற்கும் மிக நன்று. எனினும் நம் கடல் வெதுவெதுப்பானது. வீழ்ந்தவன் குளிரால் விறைத்துப் போவதில்லை. பனிக்கடலுக்குச் செய்த மூடாக்கை வெயிற்கடலில் வலிந்து சூடிக்கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

அக்குறை நீங்க அமைந்ததே மேலமரும் திறந்த கயாக். இதன் உட்புறம் முற்றும் மூடிய காற்றறை; மேலே பள்ளமான இருக்கை; அவ்விருக்கையிலிருந்து அடிவரை ஊடுருவிச் செல்லும் துளைகள். அலை மேலே விழுந்தால் நீர் அத்துளைகளின் வழியே தானே வடியும். கட்டுமரத்து மரங்களின் இடைவெளி செய்த வேலையை இத்துளைகள் செய்கின்றன என்பதனை நோக்குக. மூன்று முதல் நான்கு மீட்டர் நீளமும் எழுபது, எண்பது சென்டிமீட்டர் அகலமும் உள்ளதாகலின் ஏறுதல் எளிது, கவிழ்தல் அரிது. விரைவு குறைவு, காற்றை எதிர்த்துச் செல்லுங்கால் தோள் வலிக்கும். வலிக்கட்டும்.

சர்ப்ஸ்கி இவ்வினத்தின் மற்றொரு கிளை. இதன் பிறப்பைக் கேட்பவர் வியப்பர். ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் நாட்டில், போர்ட் மக்வாரி அருகேயுள்ள இன்னஸ் ஏரியிலே சிப்பி வளர்த்த மக்லாரன் உடன்பிறந்தார், 1912-ஆம் ஆண்டளவில் தம் தொழிலுக்காக இதன் முதல் வடிவை ஆண்டனர். 1933-இல் மான்லியைச் சேர்ந்த கிராக்கந்தோர்ப் என்னும் மருத்துவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர்க் கடற்கரை உயிர்க்காவலர் இதனைக் கைக்கொண்டனர். தொழிலாளியின் கலமாய்த் தோன்றி, உயிர்காப்போன் கலமாய் வளர்ந்து, இன்று பந்தயக் கலமாய் முடிந்திருக்கின்றது. முன்னிரண்டு நிலைகளிலும் அது நம் கட்டுமரத்திற்கு உடன்பிறப்பே. மூன்றாம் நிலையில்தான் மாணவனுக்கு இடர் விளைகின்றது.

பந்தய சர்ப்ஸ்கி ஆறு மீட்டருக்கும் மேற்பட்ட நீளமும், ஏறக்குறைய 43 முதல் 45 சென்டிமீட்டரே அகலமும் உடையது. ஒரு முழம் என்பது அதனினும் பெரிது! அதன்மேல் அமர்தல் நீரில் மிதக்கும் பனந்துண்டின்மேல் அமர்தலை ஒக்கும். கை தேர்ந்தவனுக்கு அது அலையின் சரிவிலே அம்பெனப் பாயும்; தேராதவனுக்கு ஒவ்வொரு துடுப்பு வீச்சும் விழாதிருத்தற்கே செலவாகும். விழாதிருத்தற்கு உழைப்பவன் முன்னேறுதற்கு உழைக்க இயலாது. ஆகவே அவன் அகன்ற கலத்தில் இருப்பவனுக்கும் பிற்படுவான். விரைவுக்காக வாங்கிய கலம் விரைவையும் தாராது. மற்றொன்றும் உண்டு. இதன் அமருங்குழியில் விழுந்த நீரை அடியிலுள்ள சிறு வாய் உறிஞ்சி வெளியேற்றும். ஆனால் கலம் ஓடுங்காலையிலேதான் அவ்வுறிஞ்சல் செவ்வனே நிகழும். நின்றால் நீர் நிற்கும். கவிழ்ந்து ஏறிக் களைத்து நிற்பவனுக்கு, எப்பொழுது வேண்டுமோ அப்பொழுது அவ்வுதவி இராது என்பதனை அறிந்துகொள்க.

அவாயித் தீவுகளிலே மொலோக்காய் தீவிலிருந்து ஒவாகுத் தீவுவரை, கால்வாயைக் கடந்து ஏறக்குறைய 52 கிலோமீட்டர் செல்லும் சர்ப்ஸ்கிப் பந்தயம் உலகறிந்தது. அதனைப் பன்னிரு முறை வென்ற தென்னாப்பிரிக்க வீரர் ஆஸ்கார் சலுப்ஸ்கி, கற்போருக்கு நிலையாமை நீங்கிய பின்னரே திறமை வருமென்றும், ஆகவே தம் தகுதிக்குச் சற்று மேற்பட்ட அளவு நிலைப்புள்ள கலத்தையே கொள்க வென்றும் இடைவிடாது கூறிவந்தவர். எல்லாரினும் மெல்லிய கலத்தில் ஏற வல்லவர் அகன்ற கலத்தைப் பரிந்துரைக்கின்றார். இரண்டு திங்கள் பழகிய நம் இளைஞரோ மெல்லிய கலத்தைப் பரிந்துரைக்கின்றனர். யாருரை கொள்ளத்தக்கது என்பதை யான் சொல்லவும் வேண்டுமோ?

‘அகன்ற கலத்தில் தொடங்கினால் ஒரே ஆண்டில் அது போதாதாகிவிடும், பின் வேறொன்று வாங்கப் பணம் இருமுறை செலவாகுமே’ என்று சிலர் தடை நிகழ்த்துவர். இஃது ஓரளவு மெய்யே. நம்மூரில் ஒரு சர்ப்ஸ்கியின் விலைக்கு இரண்டு கறவை மாடு வாங்கலாம் எனின் பெற்றோர் தயங்குவது இயல்பு. ஆனால் கணக்கை முற்றும் போட்டுப் பார்த்தல் வேண்டும். மெல்லிய கலத்தை முதலிலேயே வாங்கியவருட் பலர் நாலைந்து முறை கவிழ்ந்து வெறுத்து, அதனைக் கொட்டகையில் தொங்கவிட்டு விடுவர். தொங்கும் கலத்திற்குச் செலவழித்த பணம் முழுதும் வீண். அகன்ற கலமோ, உடையவன் தேர்ந்தபின்னும் தம்பிக்கும் தங்கைக்கும் பயன்படும். விற்றாலும் வாங்குவார் உளர். ‘பெண்கள் இவ்விளையாட்டிற்கு உரியரல்லர்’ என்ற பேச்சும் எழுவதுண்டு. எடை குறைந்தார்க்குக் கலம் நீரில் மேலே மிதந்து காற்றுக்கு ஆடும் என்பது ஒன்றே அங்கே கருதத்தக்கது. அதற்கு அளவிற் சிறிய கலம் கொண்டால் தீர்ந்தது.

ஆகவே என் முடிபு இது. மடியும் அலையில் விளையாடுவதே நோக்கமாயின் மேலமரும் திறந்த கயாக், நான்கு மீட்டருக்கு மேற்படாதது. அலை மடியும் இடத்தைக் கடந்து அப்பாலுள்ள கடலில் காற்றலையின்மேல் நெடுந்தூரம் ஓடுதல் விருப்பமாயின் சர்ப்ஸ்கி. ஆனால் ஐந்தரை மீட்டரளவு நீளமும் 55 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் உடையது. கவிழ்ந்தும் வெளிவராமல் நிமிர்தலைப் பத்தில் எட்டு முறையேனும் செய்ய வல்லார்க்கு மூடிய கடற்கயாக். பந்தய சர்ப்ஸ்கி இப்பொழுது வேண்டா.

நீளத்தைக் குறைத்துச் சொன்னதன் காரணத்தையும் கூறுவேன். செங்குத்தாய் எழுந்து மடியும் அலையின் முகத்திலே நெடிய கலம் இறங்குங்கால் அதன் அணியம், அதாவது முன்மூக்கு, அலையடியில் குத்திப் புதையும். பின்புறம் தலைக்குமேல் எழுந்து குப்புற வீழ்த்தும். அல்லது கலம் குறுக்கே திரும்பி, பக்கவாட்டில் அலையால் வாரிச் செல்லப்படும். அடி சற்றே வளைந்து அணியம் நிமிர்ந்த குறுங்கலம் எளிதில் திரும்பும், புதைதல் குறைவு. நேரான அடி விரைவுக்கு நன்று, திருப்பத்திற்குத் தீது. சுக்கான் பின்முனையில் தொங்குவதாயின் கரையிற் றட்டினால் மேலே மடங்கும். கலத்தின் அடியில் நடுவே நீண்டிருப்பதாயின் பெரிய அலையில் நீரைவிட்டு எழாமல் நன்கு வேலை செய்யும், ஆனால் மணலிற் றட்டியவுடன் வளைந்துபோம். நம் கரைகளில் மணற்றிட்டு அடிக்கடி இடம் மாறுவதால் கற்போனுக்கு மடங்கும் சுக்கானே நல்லது. கலம் செய்த பொருளைக் குறித்து ஒரு சொல்: வார்த்த பிளாஸ்டிக் கனக்கும், ஆனால் அடிபொறுக்கும், கரியிழை இலேசானது, ஒருமுறை பாறையிலோ கட்டுமரத்திலோ மோதினால் விரியும்.

விலைக்கு வாங்குமுன் செய்யவேண்டிய சோதனையைக் கடைக்காரர் கூறார், யான் கூறுவேன். நீந்த வல்ல துணைவனொருவனோடு, கால் எட்டாத அமைதி நீரில், லைஃப் ஜாக்கெட் என்னும் மிதவைச் சட்டை அணிந்து, கலத்திலிருந்து வேண்டுமென்றே விழுக. விழுந்தபின் கலத்தின் குறுக்கே வயிறு படியக் கிடந்து, உடலைத் திருப்பி, இருக்கையில் அமர்ந்து, கால்களை ஏற்றுக. இங்ஙனம் இடப்பக்கம் ஐந்து முறையும் வலப்பக்கம் ஐந்து முறையும் செய்க. பத்தாம் முறையும் பிறர் கை கொடாமல் ஏறினால் அக்கலம் தகும். எட்டாம் முறையிற் கை சோர்ந்தால், கடலில் அச்சோர்வு மூன்றாம் முறையிலேயே வரும். இருபுறமும் கால்களைத் தொங்கவிட்டு நீரில் நனைத்தபடி அமர்ந்தால் மெல்லிய கலமும் நிலைபெறும் என்பதனையும் அப்பொழுதே பழகிக்கொள்ளலாம். களைப்பில் இது பேருதவி.

கலத்தோடு சேர்த்து வாங்கத்தக்கவற்றுள் மிதவைச் சட்டைக்கு அடுத்தது காற்கயிறு. சர்ப்ஸ்கி இலேசானது, கவிழ்ந்தவன் பிடியை விட்டால் காற்று அதனை அவன் நீந்தும் விரைவினும் விரைவாகக் கொண்டோடும். கரையினின்று கடலை நோக்கி வீசும் காற்றாயின் பின் அதனைப் பிடிப்பார் யார்? காலையும் கலத்தையும் இணைக்கும் சிறு கயிறு இல்லாமல் அலைக்கப்பாற் செல்வோன், எத்துணை நல்ல கலத்தைத் தேர்ந்திருப்பினும், கலமில்லாதவனே. மடியும் அலையினூடே கரை திரும்புங்கால் மட்டும் கலத்திற்கும் கரைக்கும் நடுவே நில்லாதிருத்தல் வேண்டும்; வீழ்ந்தவன் எப்பொழுதும் கலத்தின் கடற்புறத்தே இருக்க.

அணையிலும் ஆற்றிலும் துடுப்புப்போட்டுப் பழகிய எம்மூரார் ஒன்றை மனங்கொள்க. அமைதி நீரிற் பெற்ற திறம் கையின் திறம். அலையில் வேண்டுவது இடுப்பின் திறம். துடுப்பைப் போடாமல், இடுப்பைத் தளர்த்தி, கலம் சாயுங்கால் தான் சாயாதிருக்கும் அத்திறத்தைப் பரதவச் சிறுவர் நடை பயிலும் பருவத்திலேயே பெற்றுவிடுகின்றனர். கோவளத்திலே மீனவக் குடியிற் பிறந்த மூர்த்தி மேகவன் என்பார் அலைச்சறுக்குப் பள்ளி அமைத்து ஊர்ச் சிறுவருக்கும் வெளியூராருக்கும் பயிற்சி தருதல் பலரும் அறிந்தது. கலம் வாங்க எண்ணுவோர் முதலில் அத்தகைய இடத்திற்குச் சென்று, வாடகைக் கலத்தில் அலையைப் பழகுதல் நன்று. எந்தக் கரையில் இறங்கினும் அவ்வூர் மீனவரைக் கேட்டே இறங்குதல் வேண்டும். இன்று மணற்றிட்டு எங்கே, வலை எங்கே விரித்துள்ளனர், கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் எந்த இடைவெளியிற் செல்கின்றது என்பவற்றை அவர் ஒரு பார்வையிற் கூறுவர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றை நாற்றிசைக்கும் பெயரிட்டு அறிந்தவர் அவர். ஐதராபாத்தில் 1999-இல் நிறுவப்பெற்ற இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலையின் உயரத்தையும் இடைவெளிக் காலத்தையும் முன்கூட்டி அறிவிக்கின்றது; அதனையும் புறப்படு முன் நோக்குக. இடைவெளிக் காலம் நீண்டிருப்பின், உயரம் சிறிதென்று அறிவித்த நாளிலும் கரையில் அலை வலிதாயிருக்கும்.

எஞ்சியது போக்குவரவு. கம்பைநல்லூரினின்று கடலூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நான்கு மீட்டர்க் கயாக்கை, நம்மூரில் குட்டியானை என வழங்கும் சிறு லாரியில், பின்கதவைத் திறந்து சாய்த்துக் கட்டி, நீண்ட முனையிற் சிவப்புத் துணி தொங்கவிட்டுக் கொண்டு போதல் ஒருவாறு கூடும். ஆறு மீட்டர்க் கலத்தை அங்ஙனம் கொண்டு செல்லுதல் சாலையில் வருவோர்க்கு இடர். ஊத்தங்கரை வளைவுகளிலே அதனோடு திரும்புதல் எளிதன்று. மூவர் நால்வர் கூடி ஒரு திறந்த கயாக்கைப் பொதுவில் வாங்கி, கடலூரிலோ புதுச்சேரியிலோ பழக்கமான ஒருவர் கொட்டகையில் நிழலிற் படுக்க வைத்துவிட்டு வருவதே செலவும் அலைச்சலும் குறைந்த வழி. வெயிலிற் கிடந்தால் பிளாஸ்டிக் நொய்ந்துவிடும். வாடை தணிந்து, தை பிறந்து, மாசி பங்குனியிற் கடல் சற்றே அடங்கிய காலத்தில், கடற்காற்று எழுமுன் விடியற்காலையில் முதன்முறை இறங்குக.